மங்கோலியா: நீங்களே ஓட்டுவதா, ஓட்டுநரா, குழுவா, குதிரையா?

மங்கோலியா போகத் தீர்மானித்தவர்கள் முதலில் கணக்குப் போடுவது செலவை. அடுத்து, தெற்கே கோபிப் பாலைவனமா, வடக்கே ஹுவ்ஸ்கோல் ஏரியா, மேற்கே அல்தாய் மலையா என்று இடத்தை. எப்படிச் சுற்றுவது என்ற கேள்வி கடைசியில்தான் வரும். அதையும் பெரும்பாலும் விலைப்பட்டியலே தீர்த்துவிடும். எனக்கு இந்த வரிசை தலைகீழாகப் படுகிறது. போகிற விதத்தை முதலில் முடிவு செய்யுங்கள். உடம்பு பத்திரமாகத் திரும்புவது அதைப் பொறுத்தது.

ஒவ்வொரு வழியையும் எடைபோட நான் ஒரே கேள்வியை வைத்திருக்கிறேன். பிற்பகல் நாலு மணி. பக்கத்து ஊருக்கு 80 கிலோமீட்டர். கூட வந்தவர் கால் முறிந்து கிடக்கிறார். போனில் சிக்னல் இல்லை. இருட்டுவதற்குள் யார், என்ன செய்வார்?

இது மிகைப்படுத்தல் இல்லை. நாட்டின் பரப்பு சுமார் 15.6 லட்சம் சதுர கிலோமீட்டர். மக்கள்தொகை 35 லட்சம் அளவில்தான். அதிலும் ஏறக்குறைய பாதிப்பேர் தலைநகர் உலான்பாட்டரில். மீதி நாடு 21 ஐமாக்குகளாக, அதாவது மாகாணங்களாகப் பிரிந்திருக்கிறது. ஐமாக்கின் உட்பிரிவு சூம். மொத்தம் 330 அளவில் இருக்கின்றன. சூம் ஊரில் ஒரு சிறிய சுகாதார நிலையம் இருக்கும். ஐமாக் தலைநகரில் பொது மருத்துவமனை. அதற்கு மேல் எதுவானாலும் உலான்பாட்டர். அங்கேயும் முடியாத சிக்கலான கேஸ்களை வெளிநாட்டுக்கு, பெரும்பாலும் சியோலுக்கோ பெய்ஜிங்குக்கோ, விமானத்தில் கொண்டுபோகிறார்கள். ஆம்புலன்சுக்கு 103, பேரிடர் உதவிக்கு 105 என்று எண்கள் உண்டு. ஆனால் எதிர்முனையில் பேசுகிறவருக்கு மங்கோலிய மொழிதான் வரும் என்று எண்ணிக்கொள்வது நல்லது. நீங்கள் நிற்கும் இடத்துக்குப் பெயரும் இருக்காது.

நீங்களே ஓட்டினால்

உலான்பாட்டரில் நல்ல நான்கு சக்கர இழுவை வண்டி வாடகைக்குக் கிடைக்கிறது. கூரைமேல் விரிக்கும் கூடாரம், அடுப்பு, கூடுதல் எரிபொருள் கேன் எல்லாம் சேர்த்தே தருகிறார்கள். நினைத்த இடத்தில் நிற்கலாம், சோர்ந்தால் நாள் முழுக்கத் தூங்கலாம். ஆரோக்கியக் கணக்கில் இது சின்ன விஷயம் இல்லை. களைத்த ஓட்டுநரோடு மாட்டிக்கொள்ள வேண்டாம், உங்கள் சாப்பாட்டை நீங்களே சமைக்கலாம், தண்ணீரை நீங்களே கொதிக்கவைக்கலாம்.

ஐமாக் தலைநகரங்களுக்கு இப்போது பெரும்பாலும் தார்ச்சாலை இருக்கிறது. சிக்கல் அதைவிட்டு இறங்கிய பிறகு. புல்வெளியில் ஒரே திசைக்கு பத்துப் பதினைந்து தடங்கள் இணையாக ஓடும். எது இன்றைய தடம், எது போன வருஷ மழையில் அறுந்துபோனது என்று உள்ளூர்க் கண்ணுக்குத்தான் தெரியும். கைபேசியில் இறக்கி வைத்த வரைபடம் தடத்தைக் காட்டும், ஆற்றின் இன்றைய ஆழத்தைக் காட்டாது. சுற்றுலாப் பருவமான ஜூலையும் ஆகஸ்டும்தான் அங்கே மழைக்காலம். காலையில் முழங்கால் அளவு ஓடிய ஆறு, மலையில் பெய்த மழையால் மாலையில் வண்டியைப் புரட்டும். உள்ளூர்க்காரர் கரையில் இறங்கி நின்று பார்ப்பார், இன்னொரு வண்டி கடக்கும்வரை காத்திருப்பார், தேவையானால் அங்கேயே ராத்தங்குவார். விடுமுறை நாட்களை எண்ணிக்கொண்டிருக்கும் வெளிநாட்டவருக்கு அந்தப் பொறுமை வராது.

இன்னொன்றும் உண்டு. மங்கோலியாவில் சாலையின் வலப்பக்கம் ஓட்டவேண்டும். ஆனால் ஓடும் கார்களில் பெரும்பகுதி ஜப்பானிலிருந்து வந்த பழைய வண்டிகள்; அவற்றில் ஸ்டியரிங்கும் வலப்பக்கமே இருக்கும். முந்தப்போகிறவருக்கு எதிரே வருவது தெரியாது. இருட்டினால் சாலையில் மாடும் குதிரையும் படுத்திருக்கும். பிளேக், ரேபிஸ் என்று பயந்து ஊசி போட்டுக்கொள்கிறவர்கள் சீட் பெல்ட்டை மறப்பதைப் பார்த்தால் எனக்குச் சிரிப்பு வருவதில்லை. இந்த நாட்டில் உயிருக்குப் பெரிய ஆபத்து வண்டிதான் என்பது என் கணிப்பு.

நாலு மணிக் கேள்விக்கு வருவோம். கால் முறிந்தது உங்கள் துணைக்கு என்றால் நீங்கள் ஓட்டலாம். முறிந்தது உங்களுக்கு, துணைக்கு ஓட்டத் தெரியாது என்றால்? ஆகவே தானே ஓட்டப் போகிறவர்கள் குறைந்தது இரண்டு பேர் ஓட்டத் தெரிந்தவர்களாக இருக்கவேண்டும். இரண்டு ஸ்டெப்னி, இரண்டு நாளைக்கான குடிநீர், செயற்கைக்கோள் தொடர்புக் கருவி கட்டாயம் வேண்டும். இரண்டு வண்டியாகப் போக முடிந்தால் அதுவே பாதி பாதுகாப்பு. தனி ஆளாக, ஒற்றை வண்டியில், மேற்கு அல்தாய்க்குள் போகிறேன் என்பவரை நான் தடுப்பேன்.

ஓட்டுநருடன் வண்டி

என் தேர்வு இதுதான். காரணத்தைச் சொல்ல ஒரு சம்பவம் போதும். நாங்கள் போன வேன் ஓர்ஹோன் பள்ளத்தாக்கில் சேற்றில் அச்சு வரை இறங்கிவிட்டது. எங்கள் கண்ணுக்கு நாலாபுறமும் புல்லும் வானமும்தான். ஓட்டுநர் ஒரு சிகரெட் பிடித்து முடிக்கும்வரை தொடுவானத்தையே பார்த்துக்கொண்டிருந்தார். பிறகு ஒரு மேட்டைச் சுற்றி நடந்து போனார். ஒன்றரை மணி நேரத்தில் ஒரு லாரியோடும் மூன்று ஆட்களோடும் ஒரு குடுவை தேநீரோடும் திரும்பி வந்தார். அங்கே ஒரு கெர் இருப்பதை அவர் எப்படிக் கண்டார் என்று கேட்டோம். மேட்டில் மேய்ந்த ஆடுகள் ஒரே பக்கமாக நகர்ந்தனவாம், பால் கறக்கும் நேரமாம்.

கெர் என்பது மேய்ச்சல்காரர்களின் வட்டமான கம்பளிக் கூடாரம். உதவி என்று வந்தவரை அங்கே யாரும் திருப்பி அனுப்புவதில்லை. ஆனால் உங்கள் நிலைமையை அவர்கள் மொழியில் சொல்லவும், எந்தக் கெரில் வண்டி இருக்கும் என்று ஊகிக்கவும், எந்த மேட்டில் ஏறினால் டவர் கிடைக்கும் என்று அறியவும் ஓர் ஆள் வேண்டும். கணவாய்களில் நீலத்துணி கட்டிய கற்குவியல்கள் இருக்கும், ஓவோ என்பார்கள். ஓட்டுநர்கள் அங்கே நிறுத்தி மூன்று முறை சுற்றுவது வழிபாடு. அந்த உயரத்தில் பல நேரம் போன் வேலை செய்யும் என்பது அதன் இன்னொரு பயன்.

அந்த நாலு மணி விபத்தில் இந்த வழி மற்ற எல்லாவற்றையும் முந்துகிறது. அடிபட்டவரைப் படுக்கவைக்க வண்டி பக்கத்திலேயே நிற்கிறது, ஓட்ட ஆள் இருக்கிறார், எந்த சூமில் மருத்துவர் இருக்கிறார் என்று போன் செய்து கேட்க அவருக்கு உறவினர் இருக்கிறார்.

குறைகளும் உண்டு. முதல் குறை வண்டியே. புர்கோன் என்று அழைக்கப்படும் ரஷ்ய வேன், யுவாஸ் 452, அறுபதுகளின் வடிவத்தில் இன்றும் ஓடுகிறது. எஞ்சின் முன் இருக்கைகளுக்கு நடுவே, வண்டிக்குள்ளேயே இருப்பதால் ஓட்டுநர் எங்கே வேண்டுமானாலும் மூடியைத் திறந்து பழுது பார்ப்பார். எந்தக் குழியிலும் ஏறி இறங்கும். ஆனால் பழைய புர்கோன்களில் பின் இருக்கைக்குப் பெல்ட் இருக்காது, உருண்டால் உள்ளே இருப்பவர்கள் மேல் சாமான்கள் விழும். புகைப்படத்துக்குப் புர்கோன் அழகு. எனக்கு டொயோட்டா லேண்ட் குரூசரோ மிட்சுபிஷி டெலிகா வேனோ போதும்.

இரண்டாவது குறை ஓட்டுநரின் குணம் முன்கூட்டித் தெரியாது. வோட்கா விருந்தோம்பலின் பகுதி. ஒரு கெரில் உட்கார்ந்தால் கிண்ணம் சுற்றி வரும்; ஓட்டுநர் முன்னாலும் வரும். குடித்த அன்று வண்டி நகராது என்று முதல் நாளே, மரியாதையாக, ஆனால் தெளிவாகப் பேசிவிடவேண்டும். மொழிபெயர்க்க ஒரு வழிகாட்டியும் கூட வந்தால் இந்தப் பேச்சு எளிதாகும். நீங்கள் காய்ச்சலில் கிடக்கும்போது மருத்துவரிடம் சரியாகச் சொல்லவும் ஆள் இருக்கும். பணம் குறைவு என்றால் நாட்களைக் குறையுங்கள், வழிகாட்டியைக் குறைக்காதீர்கள்.

குழுச் சுற்றுலா

இதில் அதிகம் சொல்ல இல்லை. நல்ல நிறுவனம் இரண்டு வண்டியாக அனுப்பும், முதலுதவிப் பெட்டியும் செயற்கைக்கோள் போனும் வைத்திருக்கும், தனிச் சமையல்காரர் வருவார். முதல் முறை போகிறவருக்கும், வயதானவருக்கும், சர்க்கரை அல்லது இதய மருந்து தினமும் எடுப்பவருக்கும் நான் இதையே சொல்வேன். அதற்கு நீங்கள் கொடுக்கும் விலை, நேர அட்டவணைக்குக் கட்டுப்படுவது. எட்டுப் பேருக்கும் அடுத்த முகாமில் படுக்கை பதிவாகியிருக்கும். ஒருவருக்கு வயிற்றுப்போக்கு என்று எல்லோரும் ஒரு நாள் நிற்க முடியாது. குலுங்கும் வண்டியில் ஏழு மணி நேரம் அவர் உட்கார்ந்தாக வேண்டும். முன்பணம் கட்டுமுன் பயணத்திட்டத்தில் ஒரு நாளைக்கு எத்தனை கிலோமீட்டர் என்று பார்க்காதீர்கள், எத்தனை மணி நேரம் என்று கேளுங்கள். மண்தடத்தில் 200 கிலோமீட்டர் என்பது முழு நாள்.

குதிரை

மங்கோலியாவுக்குப் போய்க் குதிரை ஏறாமல் வருவதா என்று கேட்பார்கள். ஏறுங்கள். ஆனால் அரை நாள் சவாரிக்கும் ஒரு வாரக் குதிரைப் பயணத்துக்கும் உள்ள தூரம் பெரியது.

மங்கோலியக் குதிரை உருவில் சிறியது, ஆண்டின் பெரும்பகுதி திறந்தவெளியில் தானே மேய்ந்து திரிவது. பாதி காட்டுக்குதிரை என்றே சொல்லலாம். இடப்பக்கமிருந்துதான் அணுகவும் ஏறவும் வேண்டும். பிளாஸ்டிக் பை சரசரத்தாலும், மழைக்கோட்டு காற்றில் படபடத்தாலும், ஓடும் குதிரைமேல் நீங்கள் கேமராவை உயர்த்தினாலும் அது மிரளும். விழுந்து அடிபடுவதே இந்த வழியின் முதல் ஆபத்து. உள்ளூரில் ஹெல்மெட் போடும் வழக்கம் இல்லாததால் கையோடு கொண்டுபோகவேண்டும். கனமானாலும் நான் இதில் சமரசம் செய்யமாட்டேன். சேணத்தில் கால் வைக்கும் வளையத்துக்குள் கால் முழுதாக நுழையாத காலணி வேண்டும். விழும்போது கால் மாட்டிக்கொண்டால் குதிரை இழுத்துக்கொண்டே ஓடும்.

நாலு மணிக்குக் கால் முறிந்தால்? மேய்ச்சல்காரர் ஒருவர் குதிரையில் போய்ச் சொல்லவேண்டும். வண்டி வரக்கூடிய இடமாக இருந்தால் நள்ளிரவில் வரலாம். ஹுவ்ஸ்கோலுக்கு வடமேற்கே கலைமான் வளர்க்கும் ட்சாட்டன் (Tsaatan) மக்களின் முகாம்களுக்குப் போகும் வழி முழுக்கச் சதுப்பும் காடும். எந்தச் சக்கரமும் ஏறாது. அங்கே அடிபட்டவரையும் குதிரையில்தான் இறக்கவேண்டும். ஹெலிகாப்டர் வரும் என்று நம்பித் திட்டம் போடக்கூடாது. ஆகவே அப்படிப் போகிறவர் வலிநிவாரணி, கட்டுத்தகடு, இருவழிச் செய்திக் கருவி மூன்றும் இல்லாமல் கிளம்பக்கூடாது. ஓட்டுநரோடு வண்டியில் சுற்றி, நடுவே இரண்டு மூன்று நாள் மட்டும் குதிரை என்று கலந்து வைத்துக்கொள்வது என் யோசனை. வண்டி அடிவாரத்தில் காத்திருக்கட்டும்.

ஐமாக்கிலிருந்து ஐமாக்குக்குப் பேருந்தும் பகிர்வு வேனும் ஓடுகின்றன. மேற்குக் கோடியில் இருக்கும் உல்கீ, தலைநகரிலிருந்து சுமார் 1,600 கிலோமீட்டர். ஒன்றரை நாளுக்கு மேல், ராத்திரியெல்லாம் ஓடும். மலிவு என்பதைத் தவிர அதில் எனக்கு நல்லது எதுவும் தெரியவில்லை. உள்நாட்டு விமானம் இருக்கிறது.

எந்த வழியில் போனாலும் கூடவே வருபவை

நாய்தான் முதலில். ஒவ்வொரு கெரிலும் காவல் நாய் உண்டு, அது உண்மையிலேயே காவல் காக்கும். நெருங்கும் முன் தூரத்திலேயே நின்று "நொஹொய் ஹோர்!" என்று கத்தவேண்டும், நாயைப் பிடியுங்கள் என்று பொருள், வணக்கமும் அதுவே. ரேபிஸ் அங்கே நாயில், ஓநாயில், நரியில் இருக்கிறது. புறப்படும் முன் ஒரு வார இடைவெளியில் இரண்டு ஊசி போட்டிருந்தால், கடிபட்ட பிறகு இன்னும் இரண்டு ஊசி போதும். போடாதவருக்குக் காயத்தைச் சுற்றிச் செலுத்தும் இம்யூனோகுளோபுலின் என்ற மருந்தும் வேண்டும். கிராமப்புறத்தில் அதைத் தேடிக் கண்டுபிடிப்பது கடினம். கடித்த இடத்தைச் சோப்புப் போட்டு ஓடும் நீரில் 15 நிமிடம் கழுவுவது யாருக்கும் பொது. சொந்தமாக ஓட்டுபவருக்கும் குதிரையில் போகிறவருக்கும் இந்த முன் ஊசி கிட்டத்தட்டக் கட்டாயம் என்பேன். அவர்கள்தான் முன்பின் தெரியாத கெர்களைத் தனியாக நெருங்குகிறவர்கள்.

செலெங்கே, புல்கான், ஹுவ்ஸ்கோல் போன்ற வடபகுதிக் காடுகளில் வசந்தத்திலும் கோடை தொடக்கத்திலும் உண்ணிகள் மூளைக்காய்ச்சலைப் பரப்பும். அதற்குத் தடுப்பூசி இருக்கிறது, ஆனால் சில வாரங்களுக்கு முன்பே தொடங்கவேண்டும். கோபி மட்டும் போகிறவருக்கு அது வீண்செலவு. குதிரையில் வடக்கே போகிறவருக்கு முதல் செலவு. பேண்ட்டைக் காலுறைக்குள் செருகுவதும், ராத்திரி உடம்பைத் தடவிப் பார்ப்பதும் ஊசி போட்டவருக்கும் உண்டு.

பிளேக் என்ற சொல் பயமுறுத்தும், தவிர்ப்பது எளிது. அது மர்மோட் என்ற பெரிய அணில் இனத்தில் தங்கியிருக்கிறது. 2019இல் பயான்-உல்கீ ஐமாக்கில் மர்மோட்டின் உறுப்பைப் பச்சையாகச் சாப்பிட்ட தம்பதி இறந்தார்கள். வெளிநாட்டுப் பயணிகள் சிலரும் சேர்ந்து ஆறு நாள் தனிமைப்படுத்தலில் அடைபட்டார்கள். மர்மோட்டைத் தொடாதீர்கள், யார் கொடுத்தாலும் தின்னாதீர்கள், செத்துக்கிடந்தால் படம் எடுக்கவும் நெருங்காதீர்கள். அவ்வளவுதான்.

பால் விஷயம் கொஞ்சம் நுட்பமானது, மரியாதை கலந்தது. காய்ச்சாத பாலில் புருசெல்லோசிஸ் வரும். மாதக்கணக்கில் படுத்தும் காய்ச்சல் அது. உப்புப் போட்ட பால்தேநீர் நன்றாகக் கொதித்ததுதான், கிண்ணம் கிண்ணமாகக் குடிக்கலாம். குதிரைப்பாலைப் புளிக்கவைத்த ஐராக் காய்ச்சாதது. வலக்கையால் வாங்கி, உதட்டில் தொட்டு, திருப்பிக் கொடுத்தாலே விருந்து ஏற்றதாக அர்த்தம். முழுக் கிண்ணம் குடித்துவிட்டு மறுநாள் எட்டு மணி நேரம் வேனில் உட்காருவது வீரம் இல்லை.

தண்ணீரைப் பொறுத்தவரை கொதிக்கவைப்பதே எனக்குப் போதும். ஓட்டுநரிடம் அடுப்பு எப்போதும் இருக்கும். குதிரையில் போகிறவருக்கு விறகும் நேரமும் தட்டுப்பாடு என்பதால் வடிகட்டி வசதி, ஆனால் சாதாரண வடிகட்டி வைரஸைப் பிடிக்காது. குளோரின் மாத்திரை வைரஸைக் கொல்லும், கிரிப்டோஸ்போரிடியம் என்ற ஒட்டுண்ணியைக் கொல்லாது. இரண்டையும் சேர்த்துப் பயன்படுத்தலாம். ஆட்டு மந்தை கடக்கும் ஓடையில் இதைச் சோம்பலாக எடுத்துக்கொள்ளாதீர்கள்.

குளிருக்கு ஒரு வரி. ஜூலையிலும் ஹுவ்ஸ்கோல் பக்கம் இரவில் பல் நடுங்கும். கெருக்குள் அடுப்பை மூட்டிவிட்டு மேலே இருக்கும் துணித்திறப்பை முழுதாக மூடித் தூங்கினால் கார்பன் மோனாக்சைடு சத்தமில்லாமல் கொல்லும். ஒரு விரற்கடை திறந்திருக்கட்டும். வசந்தத்தில் போகிறவர்களுக்கு வேறு கவலை: 2021 மார்ச்சில் வந்த மணற்புயலில் 10 பேர் இறந்தார்கள், அந்த நிலத்தில் பிறந்து வளர்ந்த மேய்ச்சல்காரர்கள் உட்பட.

கருவியும் காப்பீடும்

மூன்று கருவிகளுக்குள் குழப்பம் வரும். அவசர ஒலிபரப்பி மலிவு, சந்தா இல்லை, ஆனால் ஒருவழி: ஆபத்து என்பதையும் இருக்கும் இடத்தையும் மட்டும் சொல்லும். என்ன ஆபத்து, எந்தப் பக்கம் வண்டி வரலாம் என்று சொல்லாது. செயற்கைக்கோள் போனில் பேசலாம். பேசுவது யாரிடம் என்பது கேள்வி. இரிடியம் வலையமைப்பின் 66 செயற்கைக்கோள்களைப் பயன்படுத்தும் இருவழிச் செய்திக் கருவிதான் எனக்குப் பிடித்தது. இருக்கும் இடத்தின் அளவைகளோடு, காயத்தை எழுதி, காப்பீட்டு நிறுவனத்துக்கும் உலான்பாட்டரில் உள்ள ஏற்பாட்டாளருக்கும் அனுப்பலாம், பதிலும் வரும். ஒரு எச்சரிக்கை: இந்தியாவில் இவ்வகைக் கருவிகளை அனுமதியின்றி வைத்திருப்பது குற்றம், விமான நிலையத்திலேயே பயணிகள் பிடிபட்டிருக்கிறார்கள். அந்த வழியாகப் போகிறவர்கள் உலான்பாட்டரில் வாடகைக்கு எடுப்பது நல்லது.

காப்பீட்டில் மருத்துவச் செலவின் உச்சவரம்பைவிட, விமானத்தில் வேறு நாட்டுக்குக் கொண்டுபோகும் செலவு அடங்குமா என்று பாருங்கள். குதிரைச் சவாரி விலக்கப்பட்டிருக்கும் பாலிசிகள் உண்டு. சிறிய எழுத்தைப் படியுங்கள்.

இவ்வளவும் பார்த்த பிறகு ஓட்டுநருடன் போவது என்று முடிவானால், முன்பணத்துக்கு முன் நான் கேட்கும் கேள்விகள் சில. பின் இருக்கையில் பெல்ட் வேலை செய்கிறதா, படம் அனுப்ப முடியுமா? எத்தனை ஸ்டெப்னி? இருட்டிய பின் ஓட்டுவீர்களா? கடைசியாக, உங்கள் சொந்த சூம் எது? நீங்கள் போகும் ஐமாக்கிலேயே அவர் சொந்த சூம் இருந்தால், கொஞ்சம் கூடுதலாகக் கேட்டாலும் பேரம் பேசாமல் அவரையே எடுங்கள்.